பழைய துறைமுகத்தை ஊராக்குவது எப்படி: ஹாம்பர்க்கிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கன்டெய்னர் வந்த பிறகு, நகரங்களின் நடுவே இருந்த துறைமுகங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகத் தொடங்கின. மூட்டையாகவும் பீப்பாயாகவும் இறங்கிய சரக்கு இரும்புப் பெட்டிக்குள் போனதும் கப்பல்கள் பெரிதாகின. அவற்றுக்கு ஆழமான நீர் வேண்டும், பெட்டிகளை அடுக்கப் பரந்த திடல் வேண்டும். ஊருக்கு நடுவிலிருந்த பழைய கப்பல்துறைகளில் இரண்டுமே இல்லை. லண்டன், ராட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க் என எங்கும் இதுதான் நடந்தது. கடைசியில் மிஞ்சியவை கிடங்குகள், தண்டவாளங்கள், கெட்டுப்போன மண், அப்புறம் நகரத்தின் மிக நல்ல நீர்க்கரை.

அந்தக் கரையில் வீடு, அலுவலகம், கடை, பள்ளி, பூங்கா எல்லாம் கலந்த ஒரு பகுதியை எப்படி உருவாக்குவது? ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், எல்பே ஆற்றங்கரையில் எழுந்துவரும் ஹாஃபன்சிட்டியை முன்னால் வைத்து இதைப் படிப்படியாகச் சொல்கிறேன். நீர்ப்பரப்பையும் சேர்த்து 157 ஹெக்டேர், ஏறத்தாழ 390 ஏக்கர். ஹாம்பர்க்கின் மையப் பகுதியை இது 40 சதவீதம் பெரிதாக்குகிறது. நல்லது கெட்டது இரண்டும் அங்கே கண்ணெதிரே நடந்திருப்பதால் கற்க நிறைய இருக்கிறது. நகர அமைப்பு படிக்கும் மாணவர்கள், நகராட்சிப் பொறியாளர்கள், தங்கள் ஊர்க் கரையில் என்ன வரப்போகிறது என்று கவலைப்படும் குடியிருப்போர் சங்கத்தார் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலம் பொதுக்கையில் இருக்கும் வரைதான் நகரத்தின் பேச்சை யாரும் கேட்பார்கள். கீழே வரும் படிகள் பெரும்பாலும் அந்தக் காலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றியவைதான்.

படி 1: துறைமுகம் உண்மையில் எங்கே போகிறது என்று பாருங்கள்

துறைமுகம் மறைந்துபோவதில்லை, இடம்தான் மாறுகிறது. அது போகும் இடத்தில் ஏற்கெனவே யாராவது வாழ்ந்துகொண்டிருப்பார்கள். ஹாம்பர்க்கில் ஆற்றின் தெற்கே ஆல்ட்டன்வெர்டர் என்ற மீனவ ஊர் இருந்தது. கன்டெய்னர் முனையத்துக்காக அந்த ஊர் முழுவதும் காலி செய்யப்பட்டது. 2002இல் முனையம் திறக்கப்பட்டது. ஊரின் பழைய தேவாலயம் மட்டும் இன்றும் மரங்களுக்கு நடுவே நிற்கிறது. ஹாஃபன்சிட்டி நிலத்தை விற்று வரும் பணத்தில் ஆல்ட்டன்வெர்டர் முனையத்துக்கு நிதி தருவதுதான் தொடக்கத்தில் போட்ட திட்டம். ஆக, ஒரு கரையில் புதிய ஊர் எழுவதும் இன்னொரு கரையில் பழைய ஊர் அழிவதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

அந்த நகரத்துக்கு இது முதல் முறையும் இல்லை. ஹாஃபன்சிட்டியை ஒட்டிய ஷ்பைஷர்ஷ்டாட் என்னும் செங்கல் கிடங்கு வரிசை இன்று யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம், 2015இல் அறிவிக்கப்பட்டது. 1880களில் அதைக் கட்டுவதற்காக அங்கே குடியிருந்த சுமார் 20,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். இன்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் கட்டடங்கள் அவர்களுடைய வீடுகள் இருந்த இடத்தில்தான் நிற்கின்றன.

அதனால் திட்ட அறிக்கையைக் கையில் எடுத்ததும் முதலில் தேட வேண்டியது மாற்று இடத்தின் கணக்கை. சரக்கு எங்கே போகும்? எந்த ஆண்டு? அங்கே இருப்பவர்களுக்கு என்ன ஏற்பாடு? இங்கே வேலை செய்த தொழிலாளிக்கு அங்கே வேலை உண்டா? இவற்றுக்குத் தேதி போட்ட பதில் இருந்தால் மேலே படிக்கலாம். சிங்கப்பூர் இந்த வகையில் நீண்டகாலம் முன்பே பேசத் தொடங்கியது. தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி முனையங்கள் 2027க்குள் தீவின் மேற்கு முனையிலுள்ள துவாஸுக்கு நகரும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்து, காலியாகும் தென்கரைக்கு அதற்குப் பிறகே திட்டமிடுகிறார்கள். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழ்த் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கரையில் ஒரு வீடு கிடைக்குமா என்பது அங்குள்ள தமிழர்கள் இப்போதே கேட்க வேண்டிய கேள்வி.

படி 2: அறிவிப்புக்கு முன்பே நிலத்தை ஒரே கையில் சேருங்கள்

ஹாம்பர்க்கில் நிலத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே நகரத்துக்குச் சொந்தம். ஆனால் அதன்மேல் நின்ற கட்டடங்களும் குத்தகை உரிமைகளும் துறைமுக நிறுவனங்களிடம் இருந்தன. அப்போதைய மேயர் ஹென்னிங் ஃபோஷராவ் வேலையைச் சத்தமில்லாமல் தொடங்கினார். 1995இல் நகரத்துக்கு முழுச் சொந்தமான ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஃபோல்க்வின் மார்க் வெளியே தெரியாமல் ஓர் ஆய்வைத் தயாரித்தார். 1997 மே மாதம்தான் திட்டம் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. முன்பே கசிந்திருந்தால் ஒவ்வொரு குத்தகைதாரரும் விலையை ஏற்றியிருப்பார், இடைத்தரகர்கள் நுழைந்திருப்பார்கள்.

பொதுத் திட்டத்தை மக்களுக்குத் தெரியாமல் தயாரிப்பது சரியா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். என் கருத்து இது: நிலம் சேர்க்கும் வரை அமைதி தேவை. அங்கே என்ன கட்டுவது என்று முடிவெடுக்கும் கட்டத்தில் எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் கலந்து, கட்டட வரைபடத்தையும் சேர்த்து ரகசியமாக முடித்துவிடும் ஊர்களில்தான் மக்கள் ஏமாற்றப்படுகிறார்கள்.

நிலம் சேர்ந்ததும் அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். ஹாம்பர்க் 1997இல் நகரத்தின் பொதுவான பட்ஜெட்டிலிருந்து பிரித்து ஒரு சிறப்பு நிதியை உருவாக்கி, நிலத்தை அதற்குள் வைத்தது. மனை விற்ற பணம் அந்த நிதிக்கு வரும். சாலை, பாலம், கரைச்சுவர், பூங்கா ஆகியவற்றின் செலவு அதிலிருந்து போகும். மெட்ரோ ரயில், பல்கலைக்கழகம் போன்ற பெரிய செலவுகள் மட்டும் நகர பட்ஜெட்டிலிருந்து வந்தன. இதன் பயன் எளிது. அடுத்த ஆட்சி வந்து மனை விற்ற பணத்தை வேறு பள்ளத்தை நிரப்ப எடுத்துக்கொள்வது கடினமாகிறது. விற்பனையை அவசரப்படுத்தவும் காரணம் குறைகிறது.

படி 3: மண்ணையும், மண்ணில் புதைந்த வரலாற்றையும் தோண்டிப் பாருங்கள்

துறைமுக மண் சுத்தமாக இருக்காது. எண்ணெய், தார், கன உலோகங்கள், நிலக்கரித் துகள் எல்லாம் ஊறியிருக்கும். ஹாஃபன்சிட்டியின் கிராஸ்புரூக் பகுதியில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே எரிவாயுத் தொழிற்சாலை இருந்தது. அப்படிப்பட்ட இடங்களில் நிலத்தடி நீர் வரை நஞ்சு இறங்கியிருக்கும். ஹாம்பர்க்கில் இதற்கு மேல் இன்னொரு சிக்கல், இரண்டாம் உலகப் போரில் விழுந்து வெடிக்காமல் கிடக்கும் குண்டுகள். மனைதோறும் ஆழத் துளையிட்டு மண் எடுத்துப் பார்ப்பதோடு, பழைய வான்படங்களையும் பழைய தொழிற்சாலை வரைபடங்களையும் ஒப்பிட வேண்டும். எந்த மூலையில் எண்ணெய்த் தொட்டி இருந்தது என்பது ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளிக்குத் தெரிந்திருக்கும். அவரைக் கேட்காமல் சர்வேயை முடிக்காதீர்கள்.

கரைச்சுவர்களையும் தனியாகச் சோதிக்க வேண்டும். நூறாண்டு பழைய சுவர் கிரேனின் எடையைத் தாங்கியது உண்மைதான். ஆனால் பின்னால் புதிதாக மண் கொட்டினால் வரும் தள்ளுதலைத் தாங்குமா என்பது வேறு கணக்கு. அடிமண் இளகியது என்பதால் ஹாஃபன்சிட்டியில் கட்டடங்கள் மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்களின்மேல் நிற்கின்றன. இந்தச் செலவுகளை யார் ஏற்பது என்பதை மனை விற்பதற்கு முன்பே எழுத்தில் முடித்துவிடுங்கள். விற்ற பிறகு மண் கெட்டது தெரிந்தால் வழக்குதான் மிஞ்சும்.

வரலாறும் இதே தோண்டலில்தான் வெளியே வரும். இன்று லோசெபார்க் என்ற பூங்கா இருக்கும் இடத்தில் முன்பு ஹனோவர் ரயில் நிலையம் இருந்தது. 1940 முதல் 1945 வரை 8,000க்கும் மேற்பட்ட யூதர்களும், சிந்தி, ரோமா என்ற ஐரோப்பியச் சிறுபான்மை இனத்தவரும் அங்கிருந்து நாஜி ஆட்சியால் ரயிலேற்றப்பட்டு வதைமுகாம்களுக்கும், மக்களை அடைத்துவைத்த கெட்டோ என்னும் தனிப் பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். பூங்காவை வடிவமைத்தபோது பழைய தண்டவாளம் போன கோட்டிலேயே ஒரு பள்ளப் பாதையை வெட்டி, நடைமேடையின் எச்சத்தோடு இணைத்து, பெயர்கள் பொறித்த நினைவிடமாக ஆக்கினார்கள். 2017இல் அது திறக்கப்பட்டது. குழந்தைகள் விளையாடும் அதே பூங்காவின் நடுவே அந்தப் பாதை போகிறது. இப்படி ஒரு இடத்தைப் பின்னர் வந்து சேர்க்க முடியாது. முதல் வரைபடத்திலேயே அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

படி 4: தண்ணீர் எந்த உயரம் வரை வரும் என்பதை வைத்து ஊரின் மட்டத்தை முடிவு செய்யுங்கள்

இதுதான் என்னைப் பொறுத்தவரை ஹாஃபன்சிட்டியின் மிகச் சிறந்த பாடம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹாம்பர்க் கடலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆனாலும் எல்பே ஆற்றில் கடல் ஓதம் அங்கே வரை ஏறுகிறது. நாள்தோறும் நீர்மட்டம் மூன்றரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். வட கடலில் புயல் எழுந்து நீரை ஆற்றுக்குள் தள்ளினால் நிலைமை மோசமாகிவிடும். 1962 பிப்ரவரியில் அப்படி வந்த வெள்ளத்தில் கரைகள் உடைந்து ஹாம்பர்க்கில் 315 பேர் இறந்தார்கள். 1976 ஜனவரியில் நீர் அதைவிட உயரமாக, கடல் மட்டத்திலிருந்து 6.45 மீட்டர் வரை ஏறியது. 2013 டிசம்பரிலும் 6 மீட்டரைத் தாண்டியது.

ஹாஃபன்சிட்டி நிலம் முழுவதும் நகரத்தின் முதன்மை வெள்ளத் தடுப்புக் கரைக்கு வெளியே, ஆற்றுப் பக்கம் இருக்கிறது. பழைய துறைமேடைகள் பெரும்பாலும் ஐந்து மீட்டரை ஒட்டிய மட்டத்தில்தான் இருந்தன. அங்கே ஊர் கட்டுவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சுற்றிலும் உயரமான கரை எழுப்பி, மதகும் நீரேற்று நிலையமும் வைத்து உள்ளே பாதுகாப்பாக இருப்பது. இன்னொன்று, கட்டடங்களையும் சாலைகளையுமே மேட்டில் ஏற்றிவிடுவது.

ஹாம்பர்க் இரண்டாவதைத் தேர்ந்தது. வட கடல் ஓரத்து விவசாயிகள் பல நூற்றாண்டுகளாக மண்மேடு கட்டி அதன்மேல் வீடு வைத்து வாழ்ந்தவர்கள். அந்த முறையைத்தான் நகரம் எடுத்துக்கொண்டது. கட்டடங்களும் முக்கியச் சாலைகளும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 8 மீட்டர் உயரத்துக்கு ஏற்றப்பட்டன. பின்னர் வந்த பகுதிகளில் இன்னும் சற்று அதிகம். மேட்டின் உட்புறம் வீணாகவில்லை, கார் நிறுத்துமிடமாக ஆனது. நீரோரத்து நடைபாதைகளை மட்டும் பழைய தாழ்ந்த மட்டத்திலேயே விட்டார்கள். புயல் நாளில் அவை மூழ்கும், நீர் வடிந்ததும் கழுவிவிட்டு மறுபடி நடக்கலாம். கீழ்மட்டத்தில் கடை இருக்கும் இடங்களில் இரும்பு வெள்ளக் கதவுகளை மூடிக்கொள்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. பெரிய கரை கட்டும் வழியில், கரை முழுவதும் முடியும் வரை ஒரு வீட்டிலும் ஆள் குடியேற முடியாது. மொத்தச் செலவையும் முதலிலேயே போட வேண்டும். மேடு கட்டும் வழியில் ஒவ்வொரு மனையும் தன் பாதுகாப்பைத் தானே கொண்டுவருகிறது. மேற்கில் ஒரு பகுதி முடிந்து மக்கள் வாழத் தொடங்கலாம், கிழக்கில் மண் கொட்டிக்கொண்டே இருக்கலாம். செலவின் ஒரு பங்கும் மனை வாங்குபவரிடம் போகிறது. அடுத்தது பார்வை. ஆற்றை மறைக்கும் சுவர் இல்லாததால் தெருவிலிருந்து படியிறங்கி நீரருகே போய்விடலாம்.

மூன்றாவதுதான் பலரும் மறந்துவிடுவது. வீடு உலர்ந்திருந்தால் மட்டும் போதாது, ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வெள்ள நாளிலும் அங்கே வந்து சேர வேண்டும். ஹாஃபன்சிட்டிக்கும் நகர மையத்துக்கும் நடுவில் இருக்கும் பழைய கிடங்குப் பகுதியான ஷ்பைஷர்ஷ்டாட் தாழ்வானது, அதை உயர்த்த முடியாது. அதனால் கிபல்ஷ்டெக் என்ற இரண்டு அடுக்குப் பாலத்தைக் கட்டினார்கள். சாதாரண நாளில் மேல்தளம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும். வெள்ளம் வந்தால் அதுதான் அவசர வாகனங்களின் வழி. முதல் வீடுகள் முடிவதற்கு முன்பே அந்தப் பாலம் தயாராகிவிட்டது. உங்கள் ஊர்த் திட்டத்தில் வெள்ள நாளன்று ஆம்புலன்ஸ் எந்தச் சாலையில் வரும் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே திட்டத்தின் தரம் தெரிந்துவிடும்.

படி 5: மாஸ்டர் பிளானைத் திறந்து வையுங்கள்

1999இல் நடந்த போட்டியில் கட்டடக் கலைஞர் கேஸ் கிறிஸ்டியான்ஸ், ஆஸ்டாக் என்னும் கட்டடக் கலை நிறுவனம் ஆகியோரைக் கொண்ட அணி வென்றது. 2000 பிப்ரவரியில் நகர அரசு அந்தத் திட்டத்தை ஏற்றது. ஒவ்வொரு கட்டடத்தின் உருவத்தையும் அது தீர்மானிக்கவில்லை. தெருக்களின் போக்கு, பகுதிகளின் தன்மை, எங்கே அடர்த்தி, எங்கே திறந்தவெளி என்பதோடு நிறுத்திக்கொண்டது. பத்தாண்டு கழித்து, 2010இல், கிழக்குப் பகுதிக்கான திட்டம் திருத்தி எழுதப்பட்டது. தொடக்கத்தில் சுமார் 5,500 வீடுகள் என்று இருந்த கணக்கு பின்னர் 8,000ஐ நெருங்கியது. முப்பது ஆண்டு ஓடும் வேலையில் இப்படித் திருத்த இடம் வேண்டும். மேற்கிலிருந்து கிழக்காக, ஒரு பகுதியை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினார்கள். முதல் பகுதி 2009இல் நிறைவானது.

படி 6: குடியேறும் முன் ரயில், குடியேறும்போதே பள்ளி

லண்டனின் பழைய துறைமுகப் பகுதியான டாக்லண்ட்ஸின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 1981இல் அமைக்கப்பட்ட வளர்ச்சிக் கழகம் தனியார் கட்டுமானத்தை வேகமாக வரவழைத்தது. போக்குவரத்து அந்த வேகத்தில் வரவில்லை. 1987இல் இலகு ரயில் வந்தது, ஆனால் அங்கே எழுந்த கேனரி வார்ஃப் என்னும் பெரிய அலுவலக வளாகத்துக்கு அது போதவில்லை. நகரத்தோடு சரியாக இணைக்கும் ஜூபிலி பாதை நீட்டிப்பு 1999இல்தான் முடிந்தது. இடையில், 1992இல், கேனரி வார்ஃபைக் கட்டிய ஒலிம்பியா அண்ட் யார்க் நிறுவனமே திவாலானது. சந்தை சரிந்ததும் ஒரு காரணம். ஆனால் ரயில் இல்லாத இடத்துக்கு வாடகைக்கு வர யாருக்கும் மனமில்லை என்பதும் பெரிய காரணம்.

ஹாம்பர்க் இதில் முழு மதிப்பெண் வாங்கவில்லை, ஆனால் மேல். யு4 மெட்ரோ பாதை 2012 இறுதியில் உள்ளே வந்தது, 2018இல் கிழக்கு முனையான எல்ப்புருக்கன் வரை நீண்டது. கிழக்குப் பகுதியின் பெரும்பாலான வீடுகள் எழும் முன்பே ரயில் போய்ச் சேர்ந்துவிட்டது. முதல் தொடக்கப் பள்ளி 2009இல் திறந்தது. இடம் குறைவு என்பதால் அதன் விளையாட்டுத் திடலை மொட்டைமாடியில் வைத்தார்கள். பள்ளி வந்தால்தான் குடும்பங்கள் வரும், குடும்பங்கள் வந்தால்தான் மாலை ஆறு மணிக்குப் பிறகும் தெருவில் ஆள் இருக்கும். அலுவலகம் மட்டும் முதலில் நிறைந்த நீர்க்கரைகள் சனி, ஞாயிறுகளில் வெறிச்சோடிக் கிடப்பதை உலகம் முழுவதும் பார்க்கலாம்.

படி 7: மனையைக் கடைசியில் விற்றுக்கொள்ளுங்கள்

எல்லாவற்றிலும் மையமான படி இது. சாதாரணமாக ஒரு நகரம் என்ன செய்யும்? ஏலம் விடும், அதிக விலை கேட்டவருக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கும், பிறகு அவர் என்ன கட்டுகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கும். அதிக விலை கொடுத்தவர் அந்தப் பணத்தை மீட்க வேண்டும். சாதாரண மக்களுக்கான வீடு, குழந்தைகள் காப்பகம், சின்னக் கடைகள் எல்லாம் அவர் கணக்கிலிருந்து முதலில் விழும்.

ஹாம்பர்க் முறை வேறு. குடியிருப்பு மனைகளுக்கான போட்டியில் கட்டுபவர் முன்வைக்கும் கருத்துக்கு 70 சதவீத மதிப்பெண், விலைக்கு 30 சதவீதம். யாருக்கு வீடு, கீழே என்ன, எவ்வளவு சிக்கனமாக எரிசக்தி பயன்படும் என்பதெல்லாம் அந்த 70க்குள் வரும். தேர்வானவருக்கும் உடனே பத்திரம் கிடையாது. ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு வரை அந்த மனை அவருக்கு என்று ஒதுக்கி வைக்கப்படும். அந்தக் காலத்தில் அவர் மண் பரிசோதனை செய்ய வேண்டும், கட்டட வடிவமைப்புக்குப் போட்டி நடத்த வேண்டும், கட்டட அனுமதி வாங்க வேண்டும், வங்கிக் கடனை உறுதி செய்ய வேண்டும். எல்லாம் ஆன பிறகே பணம் கட்டி மனையை வாங்குவார். சொன்னபடி செய்யாவிட்டால் மனை நகரத்திடமே இருக்கும்.

கட்டுபவருக்கும் இதில் நன்மை உண்டு. மனைக்குப் பணம் முடங்காமலே திட்டத்தைத் தயாரிக்கிறார். அதனால் பெரிய நிறுவனங்கள் மட்டுமல்ல, கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களும், தங்கள் வீட்டைத் தாங்களே சேர்ந்து கட்டும் குடும்பக் குழுக்களும் போட்டியில் நிற்க முடிகிறது. ஒரே பகுதியில் பல கைகள் கட்டுவதால் தெருவும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்காது.

இந்த விதியை விட்டு விலகிய இடங்களில் என்ன ஆனது என்பதும் அதே ஊரில் தெரிகிறது. நடுவிலிருக்கும் ஊபர்சேக்வார்ட்டியர் பகுதி பெரிய துண்டாக ஒரே கூட்டமைப்பிடம் போனது. நிதி நெருக்கடி வந்ததும் அதன் தென்பாதி பல ஆண்டுகள் குழியாகவே கிடந்தது. பிறகு வேறொரு நிறுவனம் எடுத்து, 2025 ஏப்ரலில்தான் பெரிய வணிக வளாகமாகத் திறந்தது. கிழக்கு முனையில் 245 மீட்டர் உயரத்துக்குத் திட்டமிட்ட எல்ப்டவர், 2023இல் அதைக் கட்டிய சிக்னா குழுமம் நிதிச் சிக்கலில் விழுந்தபோது சுமார் 100 மீட்டரில் நின்றது. சின்ன மனைகள் பல இருந்தால் ஒருவர் விழுந்தாலும் தெரு நிற்கும். ஒரே பெரிய மனை என்றால் அவரோடு ஊரே காத்துக் கிடக்கும்.

படி 8: தரைத்தளத்தைச் சட்டமாக எழுதுங்கள்

நடந்து போகிறவருக்கு ஊர் என்பது தரைத்தளம்தான். ஹாஃபன்சிட்டியின் மையமான தெருக்களில் தரைத்தளக் கூரை ஏறத்தாழ 5 மீட்டர் உயரம் இருக்க வேண்டும், பொதுமக்கள் வந்து போகும் பயன்பாடு இருக்க வேண்டும் என்று மனை ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். உயரம் ஏன்? இன்று கடை ஓடாமல் போனால் நாளை அது மருத்துவமனையாகவோ நூலகமாகவோ மாற வேண்டும். தாழ்ந்த கூரை அதற்கு இடம் தராது. தொடக்க ஆண்டுகளில் கடைகளுக்கு வியாபாரம் குறைவாகவே இருக்கும். எனவே முதல் சில ஆண்டுகளுக்கு வாடகையைத் தாழ்த்தி வைக்கும் ஏற்பாட்டையும் இங்கேயே யோசித்துவிடுங்கள்.

படி 9: யாருக்கு வீடு என்பதை முதல் மனையிலேயே முடிவு செய்யுங்கள்

ஹாம்பர்க் சறுக்கியது இங்கேதான் என்பது என் எண்ணம். மேற்கில் முதலில் எழுந்த வீடுகள் பெரும்பாலும் வசதி படைத்தவர்களுக்கானவை. பணக்காரர்களின் தீவு என்ற விமர்சனம் சரியாகவே எழுந்தது. 2010க்குப் பிறகுதான் புதிய குடியிருப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரசு மானியத்தோடு கூடிய குறைந்த வாடகை வீடாக இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. கிழக்கில் பாக்கன்ஹாஃபன் பகுதியில் அதன் பலன் தெரிகிறது. மானிய வீடு, கூட்டுறவு வீடு, சொந்த வீடு மூன்றும் ஒரே தெருவில் கலந்து நிற்கின்றன.

மேற்கில் கட்டி முடித்ததை இனி மாற்ற வழியில்லை. நீருக்கு மிக அருகிலிருக்கும் மனைகள்தான் முதலில் விற்றுப்போகும். விதி பின்னால் வந்தால் நல்ல கரை எல்லாம் ஏற்கெனவே போயிருக்கும். முதல் மனையின் ஒப்பந்தத்திலேயே இந்தப் பங்கை எழுத வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். மீன்பிடிப்பவர்களோ துறைமுகத் தொழிலாளர்களோ பக்கத்தில் வாழ்ந்த ஊர் என்றால், அவர்களுக்கு எத்தனை வீடு என்பதும் எண்ணாகவே அதில் வர வேண்டும்.

படி 10: மிஞ்சியிருக்கும் துறைமுகத்தோடு சமாதானம் செய்துகொள்ளுங்கள்

துறைமுகம் முழுவதும் போகாது. ஹாஃபன்சிட்டியின் எதிர்க்கரையில் இரவும் பகலும் வேலை நடக்கிறது. புதிதாகக் குடிவந்தவர்கள் சத்தம் தாங்காமல் வழக்குப் போட்டு, தொழிலையே மூட வைக்கும் ஆபத்து உண்டு. அது ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் சோறு. இதற்கு இரண்டு ஏற்பாடுகள் செய்தார்கள். துறைமுகச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் கடமை சொத்தோடு சேர்த்துப் பதிவானது. வாங்குபவருக்கு அது முன்பே தெரியும். கூடவே, சற்றுத் திறந்து வைத்தாலும் படுக்கையறைக்குள் சத்தம் 30 டெசிபலைத் தாண்டாதபடி ஒரு ஜன்னல் வகையை உருவாக்கினார்கள். ஊரின் பெயரையே அந்த ஜன்னலுக்கு வைத்துவிட்டார்கள்.

படி 11: அடையாளக் கட்டடத்துக்குப் பொறுமையாகக் கையெழுத்திடுங்கள்

எல்ப்ஃபில்ஹார்மனி இசை அரங்கு 1960களில் கட்டிய ஒரு கோகோ கிடங்கின் மேல் எழுந்திருக்கிறது. கட்டடக் கலைஞர்கள் ஹெர்ட்சாக், டெ மோய்ரான் வடிவமைத்தது. 2017 ஜனவரியில் திறந்தபோது உலகமே பார்த்தது. நகரத்தின் பங்கு 77 மில்லியன் யூரோ என்று 2005இல் சொன்னார்கள், முடிந்தபோது அது 789 மில்லியன். 2010இல் திறப்பதாக இருந்தது ஏழு ஆண்டு தள்ளிப்போனது. வரைபடம் முழுமையாகும் முன்பே கட்டுமான ஒப்பந்தம் போட்டது முக்கியக் காரணம். அதன்பின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூடுதல் பணம், ஒவ்வொரு தகராறுக்கும் கூடுதல் மாதம். அரங்கு அருமையானது, கிடங்கின் கூரைமேல் இருக்கும் பார்வை மாடத்துக்கு எல்லா மக்களும் ஏறிப் பார்க்கலாம் என்பதும் பெரிய விஷயம். ஆனாலும் அந்த வித்தியாசத் தொகையில் எத்தனை குறைந்த வாடகை வீடு வந்திருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பழையதை வைத்துக்கொள்வதற்கு மலிவான வழிகளும் அங்கேயே உண்டு. ஓபர்ஹாஃபன் பகுதியின் ரயில் சரக்குக் கொட்டகைகளை இடிக்காமல் கலைஞர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் விட்டிருக்கிறார்கள். 1879இல் கட்டிய கிடங்கு ஒன்று கடல்சார் அருங்காட்சியகமாகியிருக்கிறது.

படி 12: கரையில் நடக்கும் உரிமையைப் பத்திரத்தில் எழுதுங்கள்

ஹாஃபன்சிட்டியில் நீரோர நடைபாதை மட்டும் சுமார் 10.5 கிலோமீட்டர். பூங்காக்கள், படித்துறைகள், நடைபாதைகள் பெரும்பாலும் நகரத்தின் சொத்தாகவே இருக்கின்றன. தனியார் மனைக்குள் போகும் பாதைகளிலும் பொதுமக்கள் நடக்கும் உரிமை சொத்துப் பதிவிலேயே இருக்கிறது. இதைச் செய்யாத இடங்களில் நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். முதலில் ஒரு சங்கிலி, பிறகு ஒரு காவலாளி, பிறகு உணவகத்தின் மேசைகள், கடைசியில் கரை முழுவதும் வாடிக்கையாளருக்கு மட்டும்.

உங்கள் ஊரில் இப்படியொரு திட்டம் வருகிறது என்றால், கலர் படங்களை ஓரமாக வைத்துவிட்டு நான்கு தாள்களைக் கேளுங்கள்: மனை விற்பனை ஒப்பந்தத்தின் மாதிரி, வெள்ள மட்டமும் தரை மட்டமும் குறித்த வரைபடம், வீட்டு ஒதுக்கீட்டுப் பட்டியல், பொதுவழி உரிமையின் பதிவு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ள நாட்டில் இருந்தால் மனுப் போட்டுக் கேளுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே கேளுங்கள்.